சொந்த வீடு இல்லாத சொந்த ஊர்

பழைய நண்பன் குடும்பத்தோடு வந்தான். ஒரு சனி, ஒரு ஞாயிறு நெய்வேலியைச் சுற்றிக் காட்டினோம். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கும், இந்த ஊருக்காகத் தங்கள் ஊரை விட்டவர்களுக்கும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த இரண்டு நாள் சொன்னது.

நெய்வேலியில் வளர்ந்தவர்கள் திரும்பி வரும்போது பெரும்பாலும் விருந்தாளியாகத்தான் வருகிறார்கள். டவுன்ஷிப்பில் குடியிருப்பவர்களுக்குச் சொந்த வீடு கிடையாது. எல்லாம் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ். வேலையில் சேர்ந்தால் வீடு, பதவி உயர்ந்தால் இன்னும் கொஞ்சம் பெரிய வீடு, ஓய்வுபெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். முப்பது வருடம் வாழ்ந்த தெருவை விட்டு லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போன குடும்பங்கள் இங்கே ஏராளம். பூர்வீக ஊருக்குப் போனவர்கள் உண்டு. பிள்ளைகள் இருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் உண்டு. பிரிய மனம் வராமல், டவுன்ஷிப்பை ஒட்டியே இந்திரா நகரிலும் வடக்குத்திலும் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு. என் அப்பா மூன்றாவது வகை. அதனால் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் யார் நெய்வேலிக்கு வந்தாலும் அவர்களுடைய பை எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இறங்கும்.

இந்த முறை வந்தவன் பத்து வருடம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அவன் அப்பா முதல் அனல்மின் நிலையத்தில் ஆபரேட்டர். பிளஸ் டூ முடிந்த கையோடு ஊரைவிட்டுப் போனவன், இப்போது புனேயில் இருக்கிறான். மனைவியையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். "எல்லாரும் லீவுக்கு சொந்த ஊருக்குப் போறோம்னு கிளம்புறாங்க. நமக்கு எதுப்பா சொந்த ஊர்னு கேட்டா. காட்டிரலாம்னு கூட்டிட்டு வந்துட்டேன்" என்றான்.

மகளுக்குத் தெரிந்த நெய்வேலி ஒன்றே ஒன்றுதான். 2020 பிப்ரவரியில், 'மாஸ்டர்' படப்பிடிப்பு நடந்த சுரங்கத்துக்கு வெளியே ஒரு வேன்மேல் ஏறி நின்று, திரண்டிருந்த கூட்டத்தோடு நடிகர் விஜய் எடுத்த செல்ஃபி. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் அப்பாவுக்குத் தன் வீட்டைப் பார்க்க வேண்டும். இரண்டையும் காட்டலாம் என்று கிளம்பினோம்.

எந்த பிளாக்?

நெய்வேலிக்காரர்கள் இரண்டு பேர் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்தாலும் முதல் கேள்வி, "எந்த பிளாக்?" என்பதுதான். பலகைகளில் 'வட்டம்' என்று எழுதியிருக்கும், வாயில் வருவது பிளாக். முப்பதுக்கும் மேற்பட்ட வட்டங்கள், நேர்கோடாக ஓடும் சாலைகள், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னும் பின்னும் தோட்டம். எந்த பிளாக், எந்த டைப் வீடு என்று சொன்னால் போதும். அப்பா என்ன வேலை பார்த்தார், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதித்தான் என்பதைக் கேட்பவர் ஊகித்துவிடுவார்.

ஆர்ச் கேட் வழியாக நுழைந்ததும் நண்பன் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டான். செம்மண் பூமியில் இவ்வளவு நிழலா என்று அவன் மனைவி வியந்தார். நிழல் இடையில் பெரிய அடி வாங்கியது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, கடலூர் மாவட்டம் முழுக்கப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. டவுன்ஷிப்பிலும் தெருத்தெருவாக மரங்கள் விழுந்தன. இப்போது நிற்பவற்றில் அன்று தப்பியவையும் உண்டு, பிறகு நட்டவையும் உண்டு.

அவனுடைய பழைய வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். கேட்டைத் திறக்கத் தயங்கி நின்றான். உள்ளேயிருந்து ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தார். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம், கணவர் ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வருகிறது, எங்களுக்கு இந்தி அதைவிடக் கொஞ்சம். புனேயில் வளர்ந்த பெண் முன்னால் வந்து பேசினாள். "இது எங்க தாத்தா வீடு" என்று அவள் இந்தியில் சொன்னதும், அந்தப் பெண் கேட்டை அகலத் திறந்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

பின்கட்டில் ஒரு பலாமரம். பண்ருட்டிப் பழம் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு அவன் அப்பா போட்ட கொட்டையில் முளைத்தது. தானே புயலில் ஒரு பெரிய கிளை முறிந்த தடம் தண்டில் இன்னும் இருக்கிறது. அடிமரத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் காய்கள் தொங்கின. இந்த மரத்துப் பழம் எப்படி என்று நண்பன் கேட்டான். பழுக்க விடுவதே குறைவு என்றார் அந்தப் பெண். அவர்கள் ஊரில் பிஞ்சாகப் பறித்து, உருளைக்கிழங்கு சேர்த்து மசாலாவில் வேகவைத்துக் குழம்பு வைப்பார்களாம். பங்குனி, சித்திரையிலேயே பாதிக் காய் தீர்ந்துவிடுமாம். நண்பனின் அப்பா ஒவ்வொரு காயையும் தட்டித் தட்டிப் பார்த்து ஆனி மாதம்வரை காத்திருப்பார். அதே மரம் இப்போது வேறொரு ஊர்ச் சமையலுக்கும் காய்க்கிறது. புறப்படும்போது, மீதி இருந்ததில் பெரிய பழம் ஒன்றைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். மரத்தடியைவிட்டு நண்பன் கிளம்ப வெகுநேரமாயிற்று.

நெய்வேலி தொடக்கத்திலிருந்தே இப்படிப்பட்ட ஊர். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்காரர்களும், மலையாளிகளும், தெலுங்கர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். விஷுவும் உகாதியும் பொங்கலும் எங்கள் தெருவில் ஒரே பலகாரத் தட்டில் வரும். இன்று வேலைக்கு எடுப்பதில் மண்ணின் மைந்தர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற குரல் மாவட்டத்தில் பலமாக ஒலிக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கான பதிலை நிர்வாகமும் அரசும்தான் சொல்ல வேண்டும். கேட்டைத் திறந்து உட்காரச் சொன்ன பெண்ணிடம் அதைக் கேட்பதற்கில்லை.

மண்ணுக்கு அடியில் ஒரு கரும்பழுப்பு

நண்பனின் மகளுக்குக் கதையை முதலிலிருந்து சொன்னோம். 1930-களின் நடுவில் இந்தப் பகுதி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறு போட்டார். நீரோடு கரும்பழுப்பாக ஏதோ வந்தது. அதை அப்படியே விட்டுவிடாமல் அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. பின்னாளில் தன் நிலத்தில் அறுநூறு ஏக்கருக்கு மேல் திட்டத்துக்குக் கொடுத்தார். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. அடுத்த ஆண்டு மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அப்போது காமராஜர் முதலமைச்சர். தோண்டத் தொடங்கி நான்கு ஆண்டு கழித்து, 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் சோவியத் நாட்டு உதவியோடு முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது.

நான்கு ஆண்டு ஏன் பிடித்தது என்பதைச் சுரங்க விளிம்பில் நின்றால் புரிந்துகொள்ளலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தோம். கீழே பார்த்தால் படிப்படியாக இறங்கும் ஒரு பள்ளத்தாக்கு. மேலே செம்மண், அதற்கடியில் கடினமான மணற்பாறை, அதையும் தாண்டிக் களிமண், எல்லாவற்றுக்கும் கீழே கறுப்புக் கரை போட்டதுபோல நிலக்கரி. சில இடங்களில் நூறு மீட்டர் அளவுக்கு மேல்மண்ணை அகற்ற வேண்டும். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து, ஐந்தரை கன மீட்டர் மண்ணை வாரிக் கொட்ட வேண்டியிருக்கிறது.

வாருவது சக்கர வாளி இயந்திரம். தொழிலாளர்கள் பக்கெட் வீல் என்பார்கள். விளிம்பெல்லாம் வாளிகள் பொருத்திய ராட்சதச் சக்கரம் சுழன்றபடி மண்சுவரைச் சுரண்டும். ஒவ்வொரு வாளியும் மேலே வந்ததும் மண்ணைக் கவிழ்க்கும். அது கன்வேயர் பெல்ட்டில் விழுந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடி, மறுகோடியில் நிற்கும் ஸ்பிரெடர் வழியாக முன்பு தோண்டிய குழியிலேயே போய் விழும். வாளியின் கொள்ளளவை வைத்தே 700 லிட்டர், 1,400 லிட்டர் என்று இயந்திரங்களைக் குறிப்பிடுவார்கள். பாறை கடினமாக இருந்தால் முதலில் வெடி வைப்பார்கள். நண்பனுக்கும் எனக்கும் மதிய வெடிச் சத்தத்தில் வகுப்பறை ஜன்னல் அதிர்ந்தது ஞாபகம் வந்தது.

மண்ணைவிடப் பெரிய சவால் தண்ணீர். நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. சதுர செண்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்று மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம். அதைக் குறைக்காமல் மேல்மண்ணை எடுத்தால், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு நீர் மேலே வந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அனல்மின் நிலையங்களும் டவுன்ஷிப் குழாய்களும் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கின்றன. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களுக்குப் பாய்கிறது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கிணறுகள் வற்றி நீர்மட்டம் இறங்கிப் போனதாக விவசாயிகள் முறையிடுவதும் இதே தண்ணீரைப் பற்றித்தான்.

தோண்டி மூடிய நிலத்தில் இப்போது காடு வளர்ந்திருக்கிறது. மரங்கள், நீர்நிலை, நீர்ப்பறவைகள். இதெல்லாம் ஒருகாலத்தில் பள்ளம் என்று சொன்னபோது நண்பனின் மகள் நம்ப மறுத்தாள்.

நண்பன் தேடியது வேறு. அவன் அப்பா வேலை பார்த்த முதல் அனல்மின் நிலையம், ஊர்ப்பேச்சில் ஃபர்ஸ்ட் தெர்மல். 600 மெகாவாட். ஐம்பத்தெட்டு ஆண்டு ஓடி, 2020 செப்டம்பர் மாதக் கடைசியில் நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக 1,000 மெகாவாட் புதிய அனல்மின் நிலையம் வந்துவிட்டது. "அப்பா நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா சட்டையில ஒரு வாசனை வரும்டா. அதுதான் எனக்கு நெய்வேலி" என்றான். அந்தத் தலைமுறையின் உழைப்பில்தான் தமிழ்நாட்டின் பம்ப்செட்டுகளும் ஆலைகளும் ஓடின. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து தயாரான லெக்கோ கரி எத்தனையோ வீடுகளின் அடுப்பில் எரிந்தது. அதே 2020-இல், மே மாதமும் ஜூலை முதல் தேதியும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்துகள் நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாம் சுவிட்சைத் தட்டும்போது எரியும் விளக்கில் அந்தக் குடும்பங்களின் பங்கும் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் காட்டும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும், சொன்னோம்.

திரும்பும் வழியில் செல்ஃபி இடத்தையும் காட்டினோம். இதே ஊருக்கு 2002 அக்டோபர் 12 அன்று இயக்குநர் பாரதிராஜா தலைமையில் தமிழ்த் திரையுலகமே திரண்டு வந்தது, காவிரி நீர் தராத கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் போகக் கூடாது என்று முழங்கியது என்று சொன்னேன். நண்பனின் மகள் உடனே தோழிகளுக்கு எழுதத் தொடங்கினாள்.

பலாக்கொட்டையும் புத்தகமும்

மதியச் சாப்பாட்டை அம்மா முந்தின நாளே தீர்மானித்துவிட்டார். பலாக்கொட்டை, கத்தரிக்காய், கருவாடு போட்ட குழம்பு. கருவாடு சாப்பிடாத நண்பனின் மனைவிக்குப் பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் தனியாக. பச்சை முந்திரியை ஊறவைத்துத் தோலுரித்துச் செய்த கூட்டு. "நல்லா போட்டுச் சாப்புடு தம்பி. அங்க இதெல்லாம் எங்க கெடைக்கும்?" என்று அம்மா நின்றுகொண்டே பரிமாறினார். பண்ருட்டி பக்கத்தில் இருப்பதால் பலாவும் முந்திரியும் இந்தப் பகுதி வீடுகளில் கை நீட்டும் தூரத்தில் இருக்கும். விருந்தாளி வந்தால் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

சாயங்காலம் புத்தகக் கண்காட்சி. 1998-இல் நிறுவனம் தொடங்கியது. கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு, பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ நடக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோய் மீண்டும் தொடங்கியபோது ஊரே பெருமூச்சு விட்டது. பெரிய நகரங்களில் மட்டுமே புத்தகச் சந்தை நடந்துகொண்டிருந்த காலத்தில், மாவட்டத் தலைநகரம்கூட இல்லாத ஓர் ஊர் பதிப்பாளர்களை வரவழைத்தது. இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அந்தப் பாதையில் முன்னால் நடந்தது நெய்வேலி.

இந்த மண்ணின் எழுத்தும் அங்கே வரிசையாக இருந்தது. கடலூரில் பிறந்த ஜெயகாந்தன், 'செல்லாத பணம்' நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது பெற்ற இமையம், 'அஞ்சலை' எழுதி, நடுநாட்டுச் சொல்லகராதியையும் தொகுத்த கண்மணி குணசேகரன். நண்பன் சொல்லகராதியை நின்றபடியே புரட்டினான். அவன் பாட்டி சொன்ன வார்த்தைகள் அச்சில் இருந்தன.

கண்காட்சித் திடலே எங்கள் கூட்டத்துக்கும் இடம். வகுப்புத் தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கையில் டீயும் சுண்டலுமாக வட்டமாக உட்கார்ந்ததும் வயது கழன்று விழுந்தது. யார் யாருக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, யார் பெண் எந்தக் காலேஜ், எந்த வாத்தியார் இப்போது எங்கே என்று பேச்சு ஓடியது. ஒருத்தி எங்கள் பிளாக்கின் மாலைகளைப் பற்றிச் சொன்னாள். ஜெனரல் ஷிப்ட் முடிந்து வீடு வந்த அப்பாக்கள் முகம் கழுவிக்கொண்டு பாட்டு வகுப்புக்கும் மிருதங்க வகுப்புக்கும் பிள்ளைகளை சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு போவார்கள். மாதச் சம்பளம் நிலையாக வந்ததால், சாயங்காலத்தைக் கலைக்குக் கொடுக்க முடிந்தது. கர்நாடக இசை மேடையில் 'நெய்வேலி' என்ற பெயரை முன்னால் போட்டுக்கொண்டவர்களை எண்ணிப் பாருங்கள். மியூசிக் அகாடமியின் 2020-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருது பெற்ற நெய்வேலி சந்தானகோபாலன், வயலின் நெய்வேலி ராதாகிருஷ்ணன், மிருதங்கம் நெய்வேலி வெங்கடேஷ், நெய்வேலி நாராயணன், நெய்வேலி ஸ்கந்தசுப்பிரமணியம். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஊர்ப் பெயரைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள்.

தெருவும் இல்லாதவர்கள்

ஞாயிறு காலை வடலூர். டவுன்ஷிப்பிலிருந்து அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, பசித்து வருபவர்கள் எல்லோருக்கும் சோறு போடுகிறது. பக்கத்திலேயே அவர் எழுப்பிய சத்திய ஞானசபை. அதற்கான நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தார்கள். பந்தியில் எங்களோடு உட்கார்ந்தவர்களில் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் காரில் வந்தவர்களும் இருந்தார்கள். யார், எந்த ஊர் என்று பரிமாறியவர் கேட்கவில்லை.

எங்களோடு வடலூருக்கு இன்னொரு வகுப்புத் தோழனும் வந்திருந்தான். அவன் குடும்பத்தின் கிராமம் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டது. நிறுவனத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியாகப் பல வருடமாக வேலை பார்க்கிறான். தன் பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றி நண்பன் நெகிழ்ந்து பேசிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டே வந்தவன் மெல்லச் சொன்னான்: "ஒனக்கு வூடுதான் இல்ல மாப்ள, தெரு இருக்கு. எங்களுக்குத் தெருவும் இல்ல. எங்க தாத்தா வூடு எங்க இருந்துச்சின்னு எம் புள்ளைக்குக் காட்டணும்னா, பள்ளத்துல ஆகாசத்தக் காட்டணும்."

வண்டியில் யாரும் பேசவில்லை. பிறகு நண்பன் கேட்டான், "ஒங்க ஊர் பக்கம் போலாமாடா?" போனோம். இரண்டாம் சுரங்கத்தின் எல்லையை ஒட்டி, வளையமாதேவி வழியாக. 2023 ஜூலையில் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்த இடம் அது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலத்தை முன்பே கையகப்படுத்தி இழப்பீடு கொடுத்தாகிவிட்டது என்று நிறுவனம் சொன்னது. நட்ட பயிரை அறுக்கும்வரையாவது பொறுத்திருக்கக் கூடாதா என்று விவசாயிகள் கேட்டார்கள். ஜூலை 28 அன்று பா.ம.க. நடத்திய முற்றுகைப் போராட்டம் வன்முறையில் முடிந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று உத்தரவானது.

தோழன் வழியெல்லாம் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தான். இங்கே ஏரி, அங்கே அய்யனார், அதற்கப்பால் தாத்தாவின் முந்திரித் தோப்பு. அவன் கை காட்டிய திசையில் கன்வேயர் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் வேண்டும், தொழில் வேண்டும், அதற்கு நிலம் வேண்டும் என்பதை அவன் மறுக்கவில்லை. நிலம் கொடுத்த வீட்டுக்கு நிரந்தர வேலை ஏன் இல்லை என்பதும், ஊர்ப் பெயர்கூட ஏன் மிஞ்சவில்லை என்பதும்தான் அவன் கேள்விகள். தெருவுக்குத் தெரு நடந்து பழைய நினைவுகளைப் பொறுக்கிய எங்களுக்கு, அந்தத் தெருக்களுக்கு அடியில் இன்னொருவருடைய ஊர் இருந்தது என்பதை அவன் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் 16-ஆம் வட்டத்து நடராஜர் கோயில். பத்தடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஐம்பொன் நடராஜரைப் பார்க்க வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள். பிறகு வேலுடையான்பட்டு முருகன் கோயில். டவுன்ஷிப்காரர்களும் சுற்றுப்பட்டுக் கிராமத்துக்காரர்களும் ஒன்றாகக் கலப்பது இங்கே நடக்கும் பங்குனி உத்திரத்தில்தான். இடம்பெயர்ந்த குடும்பத்தினர் காவடியும் பால்குடமுமாக வந்து சேர்வார்கள். "எங்க ஊருக்காரன எல்லாம் ஒண்ணாப் பாக்கணும்னா அன்னைக்கிப் பாக்கலாம்" என்றான் தோழன். வரும் பங்குனிக்கு மறுபடி வருவதாக நண்பன் அங்கேயே சொல்லிவிட்டான்.

வருகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பண்ருட்டி தாண்டியதும் வலப்பக்கத்தில் ஆர்ச் கேட். ரயிலில் வருபவர்களுக்கு விருத்தாசலம் சந்திப்பு வசதி. சுரங்கத்துக்குள் நினைத்தவுடன் போக முடியாது. நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். புத்தகக் கண்காட்சிக் காலத்தில் வந்தால் பலாப்பழப் பருவத்தின் கடைசியையும் பிடிக்கலாம். பங்குனி உத்திரத்துக்கு வந்தால் ஊர் மக்களைப் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு வந்தால் வடலூரில் ஏழு திரை விலக்கிய ஜோதி தரிசனம். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் சிதம்பரமும் பிச்சாவரமும் பக்கம்தான். அனல் அடிக்கும் சித்திரை, வைகாசியில் குழந்தைகளோடு வர வேண்டாம்.

ஊர் செய்ய வேண்டியது

நெய்வேலி மாறிக்கொண்டிருக்கிறது. 2016-இல் நிறுவனம் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. முதல் அனல்மின் நிலையம் நின்றுவிட்டது. நிறுவனம் சூரிய மின்சாரத்தில் பெரிய அளவில் இறங்கியிருக்கிறது. நிலக்கரி என்றைக்கும் இருக்கப்போவதில்லை. இந்த ஊரைக் கட்டிய தலைமுறை எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. எந்த மரத்தை யார் நட்டார், எந்த வட்டம் எந்தக் கிராமத்தின்மேல் நிற்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே சில வேலைகளைச் செய்துவிட வேண்டும்.

முதலாவது, சுரங்கத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் நிலம் கொடுத்த ஒவ்வொரு கிராமத்தின் பெயரும் அந்தந்த இடத்தில் பலகையாக நிற்க வேண்டும். ஜம்புலிங்க முதலியாரின் பெயரைச் சொல்வதுபோல, ஓர் ஏக்கர், அரை ஏக்கர் கொடுத்தவர்களின் ஊர்ப் பெயரையும் இந்த ஊர்ப் பிள்ளைகள் பாடமாகப் படிக்க வேண்டும். இரண்டாவது, அந்தக் கிராமங்களின் பழைய படங்கள், நில வரைபடங்கள், தொழிலாளர்களின் நினைவுகள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு காப்பகம் வேண்டும். புத்தகக் கண்காட்சியை நடத்திக்காட்டிய ஊருக்கு இது பெரிய வேலையே இல்லை. மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை, அந்தக் கண்காட்சி நாட்களிலேயே, ஓய்வுபெற்றுப் போனவர்களையும் நிலம் கொடுத்துப் போனவர்களையும் ஒரே திடலுக்கு அழைத்து உட்காரவைக்க வேண்டும். இழப்பீட்டுக்கும் நிரந்தர வேலைக்கும் இவை ஈடாகாது. அந்தக் கணக்கு தனியாகத் தீர்க்கப்பட வேண்டும். ஆனால் ஓர் ஊர் தன்னை உருவாக்கியவர்களின் பெயரைச் சொல்ல எந்த நீதிமன்ற உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரை நம்மால் ஆனதை நாம் செய்யலாம். வெளியூரில் இருக்கும் நெய்வேலிச் சிநேகிதர்களுக்கு இன்றே போன் போட்டு ஒரு சனி, ஞாயிறு வரச் சொல்லுங்கள். அவர்களுடைய பழைய வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இப்போது அங்கே இருப்பவர்களிடம் பேசுங்கள். அப்படியே, நிலம் கொடுத்த குடும்பத்து நண்பர் ஒருவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் கை காட்டும் இடங்களைப் பிள்ளைகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊரைச் சுற்றிக் காட்டுவது அப்போதுதான் முழுமையாகும்.